கிராதியில் விட்ட இடம்

செம்மேட்டுப்பட்டிக் கத்தோலிக்கர்களின் ராயப்பர் கோவிலுக்கு வடக்கே இரண்டு கல்லறைத் தோட்டங்கள் உண்டு. நடுவில் ஒரு மண்சுவர். சுவருக்கு மேற்கே மேலத்தெருக்காரர்களைப் புதைப்பார்கள், கிழக்கே கீழத்தெருக்காரர்களை. இரண்டு பக்கமும் குழி வெட்டியவர் ஒரே ஆள், கீழத்தெரு இன்னாசியார்.

அவர் உயிரோடிருந்த காலத்தில் அவர் பெயரோடு ஒருவரும் 'ஆர்' சேர்த்துக் கூப்பிட்டதில்லை. 'ஏ இன்னாசி' என்பார்கள், 'குழிவெட்டி' என்பார்கள், கோபம் வந்தால் அதற்கும் கீழே இறங்குவார்கள். இங்கேயாவது சேர்த்துச் சொல்வோம். அவருக்கு நம்மால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

குழி வெட்டும்போது அவர் வாய் சும்மா இருக்காது. மண்வெட்டி இறங்கும்போது செப மந்திரத்தின் முன்பாதி, மண்ணை வாரி மேலே எறியும்போது பின்பாதி. யாருக்குக் குழியோ அவர் பெயரைச் சொல்லி, அவருடைய ஆத்துமத்துக்காக வேண்டிக்கொள்வார். உயிரோடிருந்தபோது தன்னை வாய்க்கு வந்தபடி ஏசியவராக இருந்தாலும் அப்படித்தான். "கெட்டித் தரையா இருந்தா ஒரு முழுச் செபமால ஆயிடும். மணலுன்னா பாதியிலேயே குழி முடிஞ்சிரும். மிச்சத்த வீட்டுல ஒக்காந்து சொல்லிருவேன். செத்தவங்கள ஏமாத்தக்கூடாதுல்ல" என்று மனைவி சூசையம்மாளிடம் சொல்வாராம்.

மாலையானால் குளத்தில் முழுகி, வேறு வேட்டி கட்டிக்கொண்டு, கோவிலுக்குப் பக்கத்துப் புங்கமரத்தடிக்குப் போவார். அங்கே பிள்ளைகள் காத்திருப்பார்கள். அவர்களுக்கு ஞான உபதேசம் சொல்லிக்கொடுப்பதுதான் அவருடைய இன்னொரு வேலை. அதற்கு யாரும் அவருக்கு ஒன்றும் கொடுத்ததில்லை. அவரும் கேட்டதில்லை.

அந்த வேலை அவருக்கு வந்த விதம் இது. ஊரில் இருந்த உபதேசியார் மலைத்தோட்டத்துக்குப் பிழைக்கப் போய்விட்டார். பங்குச் சாமியார் ஞானாதிக்கம் அடிகள் இருப்பதோ தொலைவில் தலைமைப் பங்கில். ஞாயிறுதோறும் மாட்டுவண்டியில் வந்து பூசை வைத்துவிட்டுத் திரும்புவார். ஒருநாள் அடக்கத்துக்கு வந்தவர், கல்லறைச் சுவரின்மேல் உட்கார்ந்திருந்த கீழத்தெருப் பிள்ளைகள் விசுவாசப் பிரமாணத்தை ஒரு சொல் பிசகாமல் சொல்வதைக் கேட்டார். யார் சொல்லித் தந்தது என்று விசாரித்தார். பிள்ளைகள் குழிக்குள் கை காட்டினார்கள். உள்ளே மண்ணும் வேர்வையுமாக இன்னாசியார் நின்றார். அவருக்கு எழுத்துத் தெரியாது. சின்ன வயதிலிருந்து கோவில் சன்னலுக்கு வெளியே நின்று காதால் கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆனவை அவை.

இரண்டு தெருப் பிள்ளைகளுக்கும் இனி இவரே சொல்லித்தரட்டும் என்றார் சாமியார். மேலத்தெருக்காரர்களுக்கு மனம் ஒப்பவில்லை. ஆனாலும் தினமும் பிள்ளைகளோடு மல்லுக்கட்ட அவர்களில் யாருக்கும் நேரம் இல்லை. கடைசியில் கோவில் நாட்டாமை தொம்மை ஒரு நிபந்தனை போட்டார்.

"சொல்லிக்குடு, வேணாங்கல. ஆனா அது பொணக்குழி வெட்டுற கை. எங்க புள்ளைங்க மேல படக்கூடாது."

அது மண்ணைப் பற்றிய பேச்சு இல்லை என்று இருவருக்கும் தெரியும். "சரிங்கய்யா" என்றார் இன்னாசியார்.

ஞான உபதேசத்தில் முதல் பாடமே சிலுவை அடையாளம் போடுவது. சின்னப் பிள்ளைகளுக்கு வலது எது இடது எது என்று தெரியாது. வலக்கையைப் பிடித்து நெற்றியில், நெஞ்சில், இடது தோளில், வலது தோளில் என்று நாம்தான் கொண்டுபோய் வைக்க வேண்டும். தொடக்கூடாது என்றால் எப்படி வைப்பது? எதிரே நின்று தன் வலக்கையால் போட்டுக் காட்டிப் பார்த்தார். பிள்ளைகள் அவர் கை அசையும் பக்கத்திலேயே தங்கள் கையையும் தூக்கினார்கள். எல்லாம் இடக்கையாகப் போயிற்று. அதனால் அவர் தன் கையை மாற்றிக்கொண்டார். பிள்ளைகளுக்கு எதிரே நின்று, இடக்கையைத் தூக்கி, தோள்களை முன்பின்னாக மாற்றிப் போட்டார். பார்த்துச் செய்த பிள்ளைகளுக்கு எல்லாம் சரியாக வந்தது. யாரையும் தொடாமல் அந்த ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரையும் சிலுவை போட வைத்தார்.

கீழத்தெருப் பிள்ளைகளையாவது தொட்டுச் சொல்லித்தரலாமே என்று சூசையம்மாள் ஒருமுறை கேட்டாராம். அப்படிச் செய்தால் வித்தியாசத்தையும் நானே சொல்லிக்கொடுத்ததாக ஆகிவிடும் என்று சொல்லிவிட்டார். மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் தன் சொந்த மகள் அமலியைக்கூட அவர் தொடமாட்டார்.

அமலோற்பவம் என்கிற அமலி அவருக்கு ஒரே பிள்ளை, வெகுகாலம் கழித்துப் பிறந்தவள். மேலத்தெருவில் தொம்மை நாட்டாமையின் பேத்தி பிரகாசி அவளுக்கு ஒரு வயது சின்னவள். மரத்தடியில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். அமலி மந்திரத்தைத் தப்பாமல் சொல்லுவாள். பிரகாசி நடுவில் கேள்வி கேட்பாள். "ஏ இன்னாசி, மோட்சத்துலயும் ரெண்டு தெரு இருக்குமா?" என்று அந்தப் பிள்ளை கேட்டதாகச் சொல்வார்கள். வீட்டில் பெரியவர்கள் கூப்பிடுகிறபடிதான் அவளும் அவரைக் கூப்பிட்டாள். அவர் சிரித்துக்கொண்டு, "போயிட்டு வந்தவங்க யாரும் அப்புடிச் சொல்லல தாயி" என்றாராம்.

அந்த ஊரில் புதுநன்மை இரண்டு ஞாயிறுகளில் நடக்கும். பிள்ளைகள் பீடத்துக் கிராதியில் முழங்காலிட்டு முதன்முதலாக நற்கருணை அப்பம், அதாவது நன்மை, வாங்கும் நாளைத்தான் புதுநன்மை என்கிறோம். ராயப்பர் திருநாள் ஞாயிறன்று மேலத்தெருப் பிள்ளைகளுக்கு. அவர்களுக்கு மேளம் உண்டு, வெள்ளை உடுப்பு உண்டு, தலையில் பூமுடி, கையில் மெழுகுவர்த்தி, மதியம் கறிச்சோறு. கீழத்தெருப் பிள்ளைகளுக்கு அடுத்த ஞாயிறு. அன்றைக்குப் பூசை மட்டும். மேலத்தெருக்காரர்கள் அந்தப் பூசைக்கு வரமாட்டார்கள். இதை யார் ஏற்படுத்தினார்கள் என்று கேட்டால் பதில் வராது. வழக்கம் என்பார்கள். நம் ஊர்களில் இந்த ஒரு சொல் செய்திருக்கும் பாவத்துக்கு அளவே இல்லை.

அமலிக்குப் புதுநன்மை வருகிற வருடம். திருநாள் ஞாயிறு முடிந்தது. மறுநாளே அமலிக்குக் காய்ச்சல் கண்டது. வைத்தியர் கை பார்த்துவிட்டு மருந்துப் பையைத் திறக்காமலே எழுந்து போனார். இன்னாசியாருக்குப் புரிந்துவிட்டது. சாமியாரை வரவழைத்து மகளுக்கு நன்மை கொடுக்கச் சொல்ல வேண்டும். வண்டி இருப்பது நாட்டாமை வீட்டில்தான். களத்துமேட்டில் நின்றிருந்த தொம்மையிடம் போய்த் தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்.

"திருநா முடிஞ்சு மாடு ரெண்டும் அசந்து கெடக்கு" என்றார் தொம்மை. "ஞாயித்துக்கெழம சாமியாரு தானா வரப்போறாரு. ஒம் புள்ளைக்கு மட்டும் என்ன அவசரம்?"

இன்னாசியார் நடந்தே போனார். தலைமைப் பங்கில் சாமியார் இல்லை. வேறொரு ஊரில் சாகக் கிடந்த ஒருவருக்குக் கடைசி எண்ணெயாகிய அவஸ்தை பூச வண்டியில் போயிருந்தார். சேதி சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். வீட்டுக்கு வந்தபோது அமலி கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"அப்பா, ஞாயித்துக்கெழம வந்துருச்சா?"

"இன்னும் வரல தாயி."

சனிக்கிழமை விடியும்போது அவள் போய்விட்டாள். சேதி கிடைத்துச் சாமியார் வந்து இறங்கியபோது இன்னாசியார் குழிக்குள் நின்றிருந்தார். மகளுக்கு வேறு யாரும் வெட்டக்கூடாது என்று அவரே வெட்டினார். பக்கத்தில் நின்றவர்கள் சொன்னது, அன்றைக்கு மட்டும் அவர் வாய் திறக்கவே இல்லையாம்.

மறுநாள் ஞாயிறு, கீழத்தெருப் பிள்ளைகளின் புதுநன்மை. இன்னாசியார் வழக்கம்போல வந்து பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினார். அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது தான்தானே, தான் வராவிட்டால் பயந்துவிடுவார்கள் என்றாராம். பூசை முடிந்த பிறகு சாமியாரிடம் போனார். சாமியார் நல்லவர், ஆனால் பயந்தவர். அவரே முதலில் பேசினார்.

"அந்தப் புள்ள ஆசப்பட்டுச்சுல்ல இன்னாசி? ஆசையோட செத்தா ஆண்டவர் குடுத்த மாதிரிதான். திருச்சபை அப்படித்தான் சொல்லுது."

"நான் நம்புறேன் சாமி" என்றார் இன்னாசியார். "அப்ப மேலத்தெருப் புள்ளைங்களுக்கும் ஆசை மட்டும் போதுமுங்களா?"

சாமியார் பூசை உடுப்பைக் கழற்றி மடிக்கத் தொடங்கினார்.

"ஒரே ஞாயித்துக்கெழமையா ஆக்கிருங்க சாமி. இந்த வாசல்ல நான் வேற ஒண்ணும் கேக்கல."

சாமியார் போய்த் தொம்மையிடம் பேசிப் பார்த்தார். தொம்மை சிரித்தார். "இன்னைக்கு ஒரே கிராதிம்பான், நாளைக்கு ஒரே பந்திம்பான், மறுநா பொண்ணு கேப்பான். சாமி, நீங்க பூசைய மட்டும் பாத்துக்கங்க." அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆனால் ஊருக்கு ஒரு கேலி கிடைத்துவிட்டது. இன்னாசியார் மண்வெட்டியோடு தெருவில் போனால், "என்னடா, ஒங்க ஞாயித்துக்கெழமைய எப்ப முன்னாடி தள்ளப் போற?" என்று இளவட்டங்கள் கேட்பார்கள். அவர் நின்று, "ஆண்டவரு தள்ளுறப்ப தள்ளுவாருங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்.

மரத்தடிப் பாடம் நிற்கவில்லை. நற்கருணை என்றால் என்ன என்று பிள்ளைகள் கேட்டால், அவருக்குத் தெரிந்த விதத்தில் சொன்னார். அது ஆண்டவருடைய பந்தி. பந்தியில் இலை போட்டதும் கை வைத்துவிடுகிறோமா? கடைசி இலைக்கும் பரிமாறி முடிகிற வரைக்கும் காத்திருக்கிறோம் இல்லையா? அவசரப்பட்டுக் கை வைக்கிற பிள்ளையைப் பெரியவர்கள் அதட்டுவார்கள் இல்லையா? ஆண்டவர் பந்தியும் அப்படித்தான் என்றார். மனதில் கள்ளம் வைத்து அவர் அதைச் சொல்லவில்லை. பசியோடும் பொறுமையோடும் போக வேண்டும் என்பதைத்தான் சொன்னார். பிள்ளைகளும் தலையாட்டிவிட்டுப் போனார்கள். பிரகாசி மட்டும் அன்றைக்கு ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அடுத்த வருடத் திருநாள் ஞாயிறு. பிரகாசிக்குப் புதுநன்மை. பீடத்துக்கு முன்னால் மரக்கிராதி ஒன்று உண்டு. நன்மை வாங்குகிறவர்கள் அதில் வரிசையாக முழங்காலிடுவார்கள். சாமியார் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை ஒவ்வொருவருக்காகக் கொடுத்துக்கொண்டே வருவார். உதவிக்காரர் ஒருவர் மோவாய்க்குக் கீழே தட்டைப் பிடித்துக்கொண்டு கூட வருவார். சாமியார் பிரகாசியிடம் வந்தார். அவள் வாயைத் திறக்கவில்லை. பயந்துவிட்டாள் என்று நினைத்து அவர் கொஞ்சம் காத்திருந்தார்.

"எனக்கு அடுத்த வாரம் குடுங்க சாமி" என்றாள். "கடசி எலைக்கு இன்னும் பரிமாறல."

கோவிலில் பாட்டு நின்றது. அவள் தகப்பன் வந்து தோளைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனான். வெளியே அடி விழும் சத்தம் பின்வரிசையில் இருந்தவர்களுக்குக் கேட்டது. அங்கேதான் இன்னாசியாரும் நின்றிருந்தார்.

அன்று மதியமே கோவில் வாசலில் ஊர் கூடியது. கறிச்சோறு ஆறிக்கொண்டிருந்தது. நீதான் பிள்ளையின் மனதைக் கெடுத்தாய் என்று தொம்மை குற்றம் சாட்டினார். பந்தியைப் பற்றிச் சொன்னது உண்மை, வாங்காதே என்று நான் சொல்லவில்லை என்றார் இன்னாசியார்.

"அப்படின்னா சிலுவ போட்டுச் சொல்லு. பங்குச்சாமி முன்னாடி சொல்லு."

எதிரே கூட்டம் நின்றது. கூட்டத்துக்கு முன்னால் அவர் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் நின்றார்கள். இன்னாசியார் கையைத் தூக்கினார். பிள்ளைகளுக்கு எதிரே நின்றால் எந்தக் கை எழும்புமோ அந்தக் கைதான் எழும்பியது. இடக்கையால், தோள் மாற்றி, அவர் சிலுவை போட்டார். போட்டு முடிகிற வரைக்கும் அவருக்கே தெரியவில்லை.

"பாத்தீங்களா சாமி?" தொம்மை கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "எடக்கை. அதுவும் தலைகீழ். மந்திரவாதி போடுற சிலுவை. இவன்கிட்டதான் நம்ம புள்ளைங்கள விட்டு வச்சிருக்கோம்."

இன்னாசியார் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"தொடக்கூடாதுன்னு சொன்னீங்கய்யா. எதுர நின்னு போட்டுப் போட்டுக் கை மாறிப்போச்சு."

அதை அந்த வாசலில் எல்லாரும் கேட்டார்கள், சாமியாரும் கேட்டார். எதிர்த்துப் பேசுகிறான் என்று ஒரு குரல் வந்தது. அவ்வளவுதான், தீர்ப்பு ஆகிவிட்டது. இனி அவர் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரக்கூடாது. ஊர் மனது ஆறும்வரை கோவில் வாசற்படி ஏறக்கூடாது. ஞானாதிக்கம் அடிகள் மறுப்புச் சொல்லவில்லை. செத்தவர்களுக்குக் குழி வெட்ட மட்டும் தடை இல்லை. அந்த வேலைக்கு வேறு ஆள் கிடைக்காது.

அதற்குப் பிறகு மேலத்தெருப் பிள்ளைகளுக்கு நாட்டாமை வீட்டு மருமகள் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லித்தந்தாள். கீழத்தெருப் பிள்ளைகளுக்கு யாரும் இல்லை. இன்னாசியார் தடையை மீறவில்லை. புங்கமரத்துப் பக்கம் போவதையும் நிறுத்திவிட்டார். ஆனால் குழி வெட்டும்போது வாயை மூடிக்கொள் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லையே. பிள்ளைகள் வந்து சுவர்மேல் உட்கார்ந்துகொள்வார்கள். அவர் குனிந்தபடியே மந்திரங்களைக் கொஞ்சம் உரக்கச் சொல்வார். அவர்கள் திருப்பிச் சொல்வார்கள். "யாராச்சும் செத்தாத்தான் இந்தத் தெருவுக்குப் பாடம்னு ஆயிப்போச்சு" என்று சூசையம்மாள் சொல்லி அழுவாராம்.

தன்னை விலக்கியதைவிட அவரை அரித்தது பிரகாசி பட்ட அடிதான். அடுத்த திருநாளும் வந்தது. புதுப் பாவாடை, புதுப் பூமுடி எல்லாம் போட்டு அவளைக் கிராதியில் முழங்காலிட வைத்தார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கும் அடி வாங்கினாள். தான் சொன்ன ஒரு சொல்லால் ஒரு பிள்ளை நன்மையும் இல்லாமல் நிம்மதியும் இல்லாமல் கிடக்கிறதே என்று இன்னாசியார் சாப்பாட்டை வெறுத்தார். நான் சொன்னது தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அவள் தப்பித்துவிடுவாள். அதைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து ஒரு மத்தியானம் நாட்டாமை வீட்டுக் கொல்லைப்பக்கம் போனார். பிரகாசி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்கிக்க தாயி" என்றார் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று. "சாமி கோவிச்சுக்க மாட்டாரு. நான் சொன்னத மறந்துரு."

அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"உவதேசியாரே, அமலிக்குக் குடுத்தாச்சா?"

அவரை யாரும் அப்படி அழைத்ததில்லை. ஆனால் அது அப்போது அவர் காதில் விழவில்லை. விழுந்தது மற்றக் கேள்விதான். ஆசையோடு செத்தால் கொடுத்த மாதிரிதான் என்று சாமியார் சொன்னதை அவளுக்குச் சொல்ல வாயெடுத்தார். அந்த வார்த்தையை அவர் நம்பினார். ஆனால் அதைச் சொல்லி இந்தப் பிள்ளையை அந்தக் கிராதிக்கு அனுப்ப அவருக்கு வாய் வரவில்லை. தப்புச் சொன்னேன் என்று சொல்லிவிட்டு வரப் போனவர், வேலியை விட்டுத் திரும்பி நடந்தார். வரும் வழியெல்லாம், "நான் விலகி நிக்கிறேன் ஆண்டவரே, சாகுற வரைக்கும் வேணுமானாலும் நிக்கிறேன். அந்தப் புள்ளைய மட்டும் பாத்துக்கங்க" என்று வேண்டிக்கொண்டே வந்தாராம்.

அதற்கடுத்த திருநாளுக்குள் தொம்மைக்குச் சலித்துவிட்டது. ஊருக்கு முன்னால் இன்னொரு முறை தலைகுனிய அவர் தயாராக இல்லை. அவளை அந்த ஞாயிறு வீட்டிலேயே வைத்தார்கள். அடுத்த ஞாயிறு காலை, "போயி அதுங்களோடயே வாங்கித் தொல. இந்த வீட்டுல ஒருத்தரும் கூட வரமாட்டோம்" என்றார் தாத்தா. பிரகாசி போன வருடப் பாவாடையைப் போட்டுக்கொண்டு தனியாக நடந்து வந்தாள். பூமுடியும் இல்லை, மெழுகுவர்த்தியும் இல்லை.

இன்னாசியாருக்கு அப்போது நெஞ்சுச்சளி முற்றியிருந்தது. குழி வெட்டவும் முடியாமல் வீட்டில் கிடந்தார். அன்றைக்குச் சூசையம்மாள் அவரைத் தாங்கிக் கூட்டிவந்து கோவிலின் வடக்குச் சன்னலுக்கு வெளியே உட்காரவைத்தார். வாசற்படி ஏறத்தானே தடை. அங்கிருந்து பார்த்தால் கிராதி முழுதும் தெரியும்.

கீழத்தெருப் பிள்ளைகள் முழங்காலிட்டார்கள். கோடியில் பிரகாசி வந்து முழங்காலிட்டாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளை பயந்துபோய் நகர்ந்தது. நாட்டாமை வீட்டுப் பிள்ளையின்மேல் பட்டால் என்ன ஆகும் என்று அந்த வயதிலேயே அதற்குத் தெரிந்திருந்தது. அது நகர, அதை அடுத்தவையும் நகர்ந்தன. பிரகாசிக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு பிள்ளை முழங்காலிடுகிற அளவுக்கு இடம் விழுந்தது. பிரகாசி தலையைத் திருப்பி அந்த வெற்றிடத்தைப் பார்த்தாள். அவளும் அதை நிரப்பவில்லை.

ஞானாதிக்கம் அடிகள் ஒவ்வொரு பிள்ளையாகக் கொடுத்துக்கொண்டே வந்தார். கீழத்தெருப் பிள்ளைகளில் கடைசிப் பிள்ளைக்குக் கொடுத்தார். அடுத்தது பிரகாசி. ஆனால் அவர் நடுவிலிருந்த அந்த இடத்தின் முன்னால் நின்றார். விரலில் நன்மையை ஏந்தியபடி, ஒரு பிள்ளைக்குச் சொல்லுகிற வாசகத்தைச் சொல்லுகிற நேரம் நின்றார். அவர் உதடு அசைந்தது. சாமியார் நின்றதால் உதவிக்காரரும் ஒன்றும் இல்லாத அந்த இடத்தில் தட்டை நீட்டினார். பிறகு சாமியார் நகர்ந்து பிரகாசிக்குக் கொடுத்தார். அவள் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள்.

சாமியாருக்கு வயதாகிவிட்டது, தடுமாறிவிட்டார் என்று உள்ளே இருந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். ஏன் நின்றீர்கள் என்று பிற்பாடு பலர் கேட்டும் அவர் சொன்னதில்லை. சன்னலுக்கு வெளியே இன்னாசியார் மனைவியின் கையைப் பிடித்தார். அந்தப் பிடியில் அவ்வளவு பலம் இருந்ததை நினைத்து நினைத்து அந்த அம்மாள் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

"பாத்தியா? நம்ம அமலி. அந்தப் புள்ளைக்குப் பக்கத்துல முட்டி போட்டிருந்துச்சு. சாமி குடுத்தாரு. வாங்கிருச்சு."

சூசையம்மாளுக்குக் கிராதியும் வெறும் இடமும்தான் தெரிந்தன. ஆனால் அவர் கணவருடைய முகத்தைப் பார்த்தார். பார்த்த பிறகு தானும் அந்த இடத்தை நோக்கிக் கும்பிட்டார்.

மழைக்காலத்துக்கு முன்னால் இன்னாசியார் கண்ணை மூடினார். கோவில் மணி அடிக்கவில்லை. அவருக்கு விதித்த தடையை யாரும் எடுக்கவில்லை. அதற்கென்று யாரும் கூடவும் இல்லை. அவர் வாழ்நாளெல்லாம் அடுத்தவர்களுக்கு வெட்டிய மண்ணில், சுவருக்குக் கிழக்கே, கீழத்தெரு ஆட்கள் அவருக்கு வெட்டினார்கள். பழக்கம் இல்லாத கைகள், குழி கோணலாக வந்தது. சுவர்மேல் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் யாரும் சொல்லாமலே மந்திரம் சொன்னார்கள். அவர்கள் நடுவில் பிரகாசியும் இருந்தாள் என்பார்கள். வீட்டில் அதற்கும் அவளுக்கு அடி கிடைத்திருக்கும்.

புதுநன்மை அந்த ஊரில் பிறகும் வெகுகாலம் இரண்டு ஞாயிறாகத்தான் நடந்தது. அவர் கேட்டதை ஊர் கொடுக்கவில்லை. அவரை ஒதுக்கியவர்கள் எவரும் வருந்தியதாகவும் நாம் கேள்விப்படவில்லை. ஆண்டவர் மட்டும் அவர் கேட்டதற்குச் செவி கொடுத்தார். மனிதர்கள் தொடக்கூடாதென்று ஒதுங்கி விட்ட இடத்தையே எடுத்து, அதில் அவர் மகளை இருத்தி, பரிமாறாமல் போன இலைக்குப் பரிமாறி, அவர் கண்ணாலேயே பார்க்கவும் வைத்தார். எந்தப் பிள்ளையையும் தொடாமல் எல்லாப் பிள்ளைகளையும் ஆண்டவரிடம் கொண்டு சேர்த்த இன்னாசியாருடைய மண் படிந்த கைகளுக்கு நம்முடைய வணக்கம்.